மண்டலா ஸ்டென்சில்: படத்தை விடுங்கள், அளவைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் ஹாலில் சோபாவுக்குப் பின்னால் பத்தடி அகலத்துக்கு வெற்றுச் சுவர் இருக்கிறது. அதில் பெரிய மண்டலா (இதழ் இதழாக விரியும் வட்டக் கோலம்) ஒன்று தீட்ட ஆசை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ஸ்டென்சிலுக்கு (சுவரில் வைத்துப் பெயிண்ட் தீட்ட, வடிவம் வெட்டிய தகடு) ஆன்லைனில் ஒருவர் சில நூறு ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் சில ஆயிரம் சொல்கிறார். 'ரிட்டர்ன் கிடையாது' என்றும் போட்டிருக்கிறார்கள். எதை வாங்கலாம்? நாங்கள் இருப்பது வாடகை வீடு. (வாசகி, திருச்சி)

பதில்: விளம்பரப் படத்தை நம்பி வாங்காதீர்கள். படத்தில் சோபாவுக்கு மேல் ஐந்தடி வட்டம் ஜொலிக்கும். கீழே பொடி எழுத்தில் 12 அங்குலம் என்று இருக்கும். வெறும் சுவரின் படத்தில் கணினியில் ஒட்டிய வட்டம் அது.

24 அங்குலம் என்று போட்டிருந்தாலும், முழு வட்டமா, கால் வட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய மண்டலாக்களைப் பல நேரம் கால் பங்காகவோ அரைப் பங்காகவோ விற்பார்கள். மையத்தைச் சுற்றித் திருப்பி வைத்துத் தீட்ட வேண்டும். கால் வட்டத் தகட்டின் பக்கம் 24 அங்குலம் என்றால் முழு மண்டலா 48 அங்குலம், அதாவது நான்கடி. முழு வட்டமே 24 அங்குலம் என்றால், உங்கள் சுவருக்குப் பொட்டு வைத்தது போல்தான் இருக்கும். நான்கடிக்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பேன். செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, வாசலில் நின்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். சோபாவின் முதுகுக்கு மேல் எழும் அரை மண்டலாவும் அழகுதான். மறைந்து போகும் கீழ்ப்பாதிக்கு எதற்குச் செலவு?

அடுத்தது தடிமன். 250 மைக்ரான் அளவுள்ள மைலார் (ஒருவகை பிளாஸ்டிக்) தகடு நல்லது. ஏடிஎம் கார்டின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 100 மைக்ரான் தாள் ஓரங்களில் சுருண்டு, அடியில் பெயிண்ட் கசியவிடும். மெல்லிய இதழ்களுக்கு நடுவே இருக்கும் இணைப்புகளும் அதில் சீக்கிரம் கிழியும். எம்டிஎஃப் பலகையில் (மரத்தூளை அழுத்திச் செய்தது) வெட்டியது சிறிய வேலைக்குச் சரி. சுவரில் தூக்கிப் பிடிக்கக் கனம், கழுவினால் ஊறிவிடும்.

'ரிட்டர்ன் கிடையாது' என்பதற்குப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஆனால் 12 அங்குலம் என்று அவர் எழுதியிருந்து நீங்கள் படிக்காமல் வாங்கியிருந்தால், உங்கள் பக்கம் வலு குறைவு. ஆர்டர் செய்யும்போதே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பார்சல் வந்ததும் டேப் வைத்து அளந்து, அதையும் படமெடுங்கள். பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். தீட்டிய ஸ்டென்சிலை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். விற்பவர் பிடிகொடுக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, சம்மதம் வாங்கிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயிண்ட் செலவைக் கழிப்பவர்கள் உண்டு. அடர்ந்த நிறத்தை வெள்ளை எமல்ஷன் மட்டும் எளிதில் மறைக்காது. உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் வெள்ளை. சுவரின் நிறத்தையே இரண்டு படி கூட்டிய வெளிர் நிறத்தில் தீட்டினால் அந்தத் தொல்லை குறையும். ஓதம் ஏறிய சுவர் என்றால் இந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள். ஸ்டென்சிலை ஒட்டிய டேப்பை உரிக்கும்போது சுவரில் பூசிய பட்டியும் (புட்டி) சேர்ந்து வரும்.

கேள்வி: நான்கடி மண்டலாவுக்கு ஒரு லிட்டர் பெயிண்ட் வாங்கச் சொல்கிறார் பெயிண்டர். அவ்வளவு தேவையா? (வாசகர், மதுரை)

பதில்: தேவையில்லை. நான்கடி வட்டத்தின் பரப்பு சுமார் 12.5 சதுர அடி. அதில் பாதியளவுதான் வெட்டிய இடம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு முறை தீட்டவும் 200 மில்லி எமல்ஷன் தாராளம். இரண்டு நிறம் என்றால் இரண்டு சிறிய டப்பா. மிச்சமாகும் பணத்தில் நான்கு அங்குல ஸ்பாஞ்சு ரோலரும் நல்ல மாஸ்கிங் டேப்பும் வாங்குங்கள். தண்ணீர் கலக்காமல், ரோலரைச் செய்தித்தாளில் உருட்டி, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில்தான் சுவரில் வைக்க வேண்டும். ஓரம் கசிவது பெரும்பாலும் ரோலரில் பெயிண்ட் அதிகமாவதால்தான். பாவம், பழி ஸ்டென்சில் மேல் விழுகிறது.