பத்துப் படம் சொல்ல வரவில்லையே!

கேள்வி: எனக்கு 48 வயது, மல்லாவிப் பக்கம். கம்பசில் படிக்கும் மகள், “அப்பா, உங்களுக்கு ஆகப் பிடிச்ச பத்துப் படம் சொல்லுங்கோ” என்றாள். நாலுக்கு மேல் வரவில்லை. அதுவும் எம்.ஜி.ஆர். படங்கள், அவள் சிரிக்கிறாள். மிகவும் ரசித்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் பெயரே மறந்துவிட்டது. விஞ்ச் ஓட்டுகிற அண்ணன், ஒரு கை போய்விடும், ஒரே தங்கை. ஜெனரேற்றர் நின்றதால் முடிவும் பார்க்கவில்லை. பட்டியல் எப்படிப் போடுவது?

பதில்: முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன்: ‘முள்ளும் மலரும்’. 1978இல் வந்தது. மகேந்திரன் இயக்கிய முதல் படம். அந்த அண்ணன் ரஜினிகாந்த். ஒளிப்பதிவு மட்டக்களப்பில் பிறந்த நம்முடைய பாலு மகேந்திரா. ஆனால் அது கலர்ப் படம் ஐயா! நீங்கள் பார்த்த ரிவிதான் கறுப்பு வெள்ளையாக இருந்திருக்கும்.

மறந்ததற்கு வெட்கப்படாதீர்கள். தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், உங்கள் வன்னியில் கரண்ட் இல்லை, எரிபொருளுக்கும் தடை. அருமையாக ஒருநாள் வீடியோ டெக்கும் ரிவியும் வாடகைக்கு வந்தால் விடிய விடிய மூன்று நாலு படம் ஓடும். மூன்றாவது படத்தில் பாதிப் பேர் பாயில் நித்திரை. ஒரு படத்தின் சண்டையும் இன்னொன்றின் கல்யாணமும் தலைக்குள் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

ஆகவே பெயரில் தொடங்காதீர்கள். ஒரு கொப்பி எடுத்து, யார் வீட்டு முற்றம், பக்கத்தில் யார், எந்த இடத்தில் அம்மா அழுதா என்று எழுதுங்கள். படம் பின்னாலேயே வரும். பாட்டில் ஒரு வரி ஞாபகம் இருந்தால் மகள் போனில் தேடிப் பிடித்துவிடுவாள். கூடப் பார்த்தவர்களில் ஒருவராவது வவுனியாவிலோ கனடாவிலோ இருப்பார். அவருக்கு ஒரு கோல் எடுங்கள். பாதிப் படம் அவரிடம் இருக்கும்.

எம்.ஜி.ஆர். விஷயம். சிறந்த படம் வேறு, பிடித்த படம் வேறு. சிறந்தது எது என்பதிலேயே பெரிய விமர்சகர்களுக்கு ஒரு நிலையில்லை. பிரித்தானியாவின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகை 1952 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை அவர்களிடம் ஆளுக்குப் பத்துப் படம் கேட்கிறது. முதல் தடவை வென்றது ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. பிறகு 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’தான். 2012இல் ஒரு படம், 2022இல் இன்னொரு படம். அவர்களே மாற்றும்போது நீங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்? உங்கள் நாலில் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ இருந்தால் என் வோட்டும் அதற்குத்தான்.

எதைச் சேர்ப்பது என்று குழம்பினால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வயல் வேலை இல்லாத ஒரு மழை மத்தியானம் அந்தப் படம் போட்டால், எழும்பாமல் இருந்து பார்ப்பீர்களா? பார்ப்பீர்கள் என்றால் எழுதுங்கள். ஆட்கள் மதிப்பார்கள் என்று ஒரு உலகப் படத்தைச் செருகாதீர்கள். மகள் இரண்டு கேள்வியில் பிடித்துவிடுவாள். பத்து வராவிட்டால் ஆறோடு விடுங்கள்.

‘முள்ளும் மலரும்’ முடிவை நான் சொல்லப்போவதில்லை. மகள் லீவில் வரும்போது இருவருமாக முழுதாகப் பாருங்கள், இந்தமுறை கலரில். அதுவரை அதைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.