ஜப்பானியக் கோயில்களைப் படித்தால் சோறு கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் 'சோறு போடுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். பி.ஆர்க் நான்காம் ஆண்டில் இருக்கும் மகள், படிப்பை முடித்துக் கட்டுமான நிறுவனம் ஒன்றில் சேருவாள் என்று நீங்கள் காத்திருக்க, அவளோ ஜப்பானின் பழைய மரக்கோயில்களை ஆராய்ந்து எழுதப்போகிறேன் என்கிறாள். பயம் வரத்தான் செய்யும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து மட்டும் சோறு போடாது. மரபுக் கட்டடப் பாதுகாப்பு என்கிற தொழில் போடும். ஆனால் மெதுவாகத்தான் போடும்.

இது என்ன வேலை என்று உங்களுக்குப் புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஜப்பானின் பழைய தலைநகரான நாரா அருகே ஹோர்யூஜி என்ற புத்தக் கோயில் இருக்கிறது. ('ஜி' என்றாலே கோயில்தான், 'ஹோர்யூஜி கோயில்' என்பது நம் ஊர் 'கேட்வாசல்' போல.) இன்று நிற்கும் மரக்கட்டடங்களில் உலகிலேயே மிகப் பழையவை அங்கேதான் உள்ளன. 670-இல் கோயில் முழுவதும் எரிந்துபோனது என்கிறது நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூல். அப்படியானால் இப்போது நிற்பது எது? 1905-இல் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. கட்டடத்தை அளந்து பார்த்த கட்டடக்கலை ஆய்வாளர் செகினோ தாதாஷி, அளவுகள் 670-க்கு முன் புழங்கிய பழைய கொரிய அடிக்கோலுக்குத்தான் பொருந்துகின்றன, ஆகவே இது எரியாத கட்டடம் என்றார். வரலாற்றாசிரியர் கித்தா சதாகிச்சி, எரிந்தது என்று நூலில் எழுதியிருக்கிறதே என்றார். 1939-இல் வளாகத்துக்குள் தோண்டியபோது, வேறு திசை பார்த்துக் கட்டப்பட்ட முந்தைய கோயிலின் அடித்தளம் கிடைத்தது. கித்தா ஜெயித்தார். ஆனால் 2001-இல் மரவளையங்களை (மரத்தில் ஆண்டுக்கு ஒன்றாக விழும் வளையங்கள்) ஒப்பிட்டுப் பார்த்ததில், ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூண் மரம் 594-இல் வெட்டப்பட்டது என்று தெரியவந்தது. எரிந்த பிறகு கட்டிய கோபுரத்துக்குள் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே வெட்டிய மரம் எப்படி வந்தது? ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடிக்கோல், ஏடு, மண்வெட்டி, மரவளையம் ஆகிய நான்கையும் ஒரே கேள்விக்காகப் புரட்டத் தெரிவதுதான் இந்தத் தொழில். செர்ரிப் பூக்களுக்கு நடுவே கோபுரத்தைப் படம் பிடிப்பதை உங்கள் மகள் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன்.

பழைய கட்டடங்களைக் காக்கும் ஜப்பானியச் சட்டம் பிறந்த கதையும் அதே கோயிலில்தான் இருக்கிறது. 1949 ஜனவரி 26 அன்று, ஓவியர்கள் சுவரோவியங்களைப் படியெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஹோர்யூஜியின் பொன்மண்டபத்தில் (கோயிலின் முதன்மை மண்டபம்) தீப்பிடித்தது. பழுதுபார்ப்பதற்காக மேல்தளத்தை முன்பே கழற்றி எடுத்திருந்ததால் அந்தப் பகுதி தப்பியது, ஓவியங்கள் கருகிப்போயின. அடுத்த ஆண்டே, 1950-இல், பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டடத்தோடு நாடகம், இசை, கைவினை போன்ற கலைகளையும் அது காத்தது. 1975 திருத்தத்துக்குப் பிறகு, மரப்பட்டைக் கூரை வேய்வது போன்ற பழுதுபார்ப்பு நுட்பங்களும் சட்டத்தின் நிழலுக்கு வந்தன. இன்றும் ஜனவரி 26 அன்று ஜப்பான் முழுவதும் கோயில்களில் தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். அங்கே பெரிய பழுதுபார்ப்பு என்றால் கட்டடத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, உளுத்ததை மட்டும் மாற்றி, திரும்பப் பூட்டுவார்கள். நாராவில் தோஷோதாய்ஜியின் பொன்மண்டபத்துக்கு இப்படி 2000 முதல் 2009 வரை ஆயிற்று. கழற்றும்போது தச்சர் கிறுக்கிய மை எழுத்து, கட்டிய ஆண்டு குறித்த பலகை என்று எத்தனையோ வெளிவரும். முடிவில் வரைபடங்களோடு கனமான அறிக்கை ஒன்று அச்சாகும். ஆராய்ச்சியாளருக்கு உண்மையான புதையல் அந்த அறிக்கைகள்தான். அவை ஜப்பானிய மொழியில் இருக்கின்றன.

இதில் நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். இதே ஆசையோடு வந்த ஒரு பையனிடம், 'முதலில் போய்ச் சேர், மொழி தானாக வரும்' என்றேன். வரவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்த பத்துப் பன்னிரண்டு புத்தகங்களையே சுற்றிச் சுற்றி வந்து, இரண்டே ஆண்டில் சலித்துத் திரும்பினான். தவறு என்னுடையது.

ஆகவே உங்கள் மகளைத் தடுக்காதீர்கள். மொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு அடிப்படையான என்5 முதல் உச்சியான என்1 வரை ஐந்து படிகள்; சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் எழுதலாம். பட்டம் முடிவதற்குள் என்4 தாண்டினால் ஆசை உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். அறிக்கைகளைப் படிக்க என்2-க்கு மேல் வேண்டும். பழைய ஏடுகளுக்கு அதுவும் போதாது.

பி.ஆர்க் படிப்பை எக்காரணம் கொண்டும் பாதியில் விட வேண்டாம். அதன்பின் டெல்லி எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) போன்ற இடத்தில் கட்டடப் பாதுகாப்பில் முதுகலை படித்துவிட்டு, ஜப்பான் அரசின் கல்வி அமைச்சகம் தரும் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் பணமும் தருவார்கள். ஆராய்ச்சி மாணவர் பிரிவில் 35 வயது நிறையும்வரை நேரம் இருக்கிறது. தேர்வில் உயிர்நாடி ஆராய்ச்சித் திட்டம்தான். 'ஜப்பானியக் கோயில்களின் அழகு' என்று எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும்.

ஜப்பானில் கோயில் பழுதுபார்ப்புப் பணியிலேயே நிரந்தர வேலை என்பது வெளிநாட்டவருக்கு எட்டாத கொம்புத்தேன். அதை நம்பி இறங்க வேண்டாம். கல்லூரி ஆசிரியப் பணி, இங்குள்ள மரபுக் கட்டட ஆலோசனை நிறுவனங்கள், கம்போடியாவின் அங்கோர் கோயில்களில் ஜப்பான் 1994 முதல் செய்துவருவது போன்ற பன்னாட்டுப் பணிகள் ஆகியவைதான் நடைமுறை வாய்ப்புகள். முதல் சில ஆண்டுகளில் அவளுடன் படித்தவர்கள் அவளைவிட அதிகம் சம்பாதிப்பார்கள். இதை இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள், பின்னால் மனம் கசக்காமல் இருக்கும்.

மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஜப்பானின் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013-இல். ஹோர்யூஜியில் பழைய மரத்தையே காக்கிறார்கள். இரண்டில் எது பழமை? இது போன்ற கேள்விக்காகத்தான் 1994-இல் 28 நாடுகளின் வல்லுநர்கள் நாராவில் கூடினார்கள். 'இரண்டுமே அழகு' என்று சொன்னால், அவள் இன்னும் படிக்க வேண்டும். பதிலுக்கு உங்களிடமே நான்கு கேள்வி கேட்டால், நல்ல அறிகுறி.

நீங்கள் இருப்பது நாகர்கோவில். மரக்கட்டடம் பார்க்க அவள் ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. பத்மநாபபுரம் அரண்மனை பஸ்ஸில் போய்வரும் தூரம். டேப் வைத்து அளக்க அனுமதி கேட்டு எழுதட்டும். தாமதமானால் தெருவில் ஏதாவது பழைய ஓட்டுவீடு போதும். இந்த விடுமுறையில் ஒரே ஒரு கூரையை எடுத்துக்கொண்டு, எந்தக் கட்டை எதன்மேல் அமர்கிறது, எந்தத் துண்டு பின்னால் மாற்றியது, எப்படித் தெரிந்தது என்று வரைந்து பத்துப் பக்கம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கூரை உத்தரத்துக்கு அந்த ஊர்த் தச்சர் சொல்லும் பெயரையும் கேட்டு எழுத வேண்டும். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு அவளிடமே பேசுகிறேன்.