பௌலிங் ஷூவோடு பனியில் இறங்காதீர்கள்

தம்பி, டெட்ராய்ட் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, வெள்ளிக்கிழமை ஆபீஸ்காரர்கள் ஆலன் பார்க்கில் உள்ள தண்டர்பௌலுக்கு, அதாவது பந்தை உருட்டிக் கட்டைகளை (பின்களை) விழ வைக்கும் பௌலிங் கூடத்துக்கு, கூப்பிடுகிறார்கள், பந்தைத் தொட்டதே இல்லை, என்ன உடுத்துவது, சைவச் சாப்பாடு கிடைக்குமா, போகாமலே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். ஜீன்ஸ் போதும், சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நான் சொல்ல வந்தது உங்கள் கால்களைப் பற்றி.

அங்கே பந்து உருட்டும் தடங்கள், அதாவது லேன், 90. அமெரிக்காவிலேயே பெரியது. (உலகத்தில் பெரியது ஜப்பானில், இனாசாவாவில் 116 லேன்.) உள்ளே நுழைந்ததும் பின்கள் சிதறும் சத்தம் ஓயாது, நெஞ்சு படபடக்கும். எல்லோரும் நம்மையே பார்ப்பதாகத் தோன்றும். ஒருவரும் பார்ப்பதில்லை. ஆனால் பக்கத்து லேனில் ஒருவர் பந்தோடு தயாராக நின்றால் பொறுத்திருங்கள், அவர் எறிந்த பிறகு ஏறுங்கள். நம் ஆட்கள் கூட்டமாகப் போய்க் கெட்ட பெயர் வாங்குவது இதில்தான். எனக்கு அதில் தீராத வருத்தம். இன்னும் சிலர் பத்து வருடமாக இங்கே இருந்தும், இப்படிக் கூப்பிட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ட்ராயிலும் கேன்டனிலும் நம்மவர் வீட்டு விருந்துகளுக்கு மட்டும் போவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

பந்து 16 பவுண்டு வரை இருக்கும். 10, 11 எடுங்கள். கட்டை விரல் தடையில்லாமல் வெளியே வர வேண்டும். அங்கே வாடகைக்குத் தரும் பௌலிங் ஷூவைத்தான் போட வேண்டும்; நம்மூர் 8 நம்பர் என்றால் இங்கே 9 கேளுங்கள். சாக்ஸ் கொண்டு போங்கள். லேன் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு இருக்கும், அதைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். கோட்டிலிருந்து முதல் பின் 60 அடி. அதில் முதல் 40 அடிவாக்கில் எண்ணெய் பூசியிருப்பார்கள்.

நான் வந்தது ஒரு ஜனவரி. அப்போது குடியிருந்த பகுதியில் ஒரு சின்ன இடத்துக்குத்தான் கூட்டிப் போனார்கள். அம்மா போன் செய்தாள். சத்தத்தில் காது கேட்கவில்லை என்று பௌலிங் ஷூவோடே வாசலுக்குப் போய்ப் பேசினேன். திரும்பி வந்து எறியப் போனால், வழுக்கிப் போக வேண்டிய இடது கால் ஈரத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் முன்னே போய், கோட்டுக்கு அப்பால் எண்ணெயில் விழுந்தேன். முழங்கால் வீங்கி ஒரு மாதம் நொண்டினேன்.

தூக்கிவிட்டவர் பக்கத்து லேன் பெரியவர். கார் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் லீக் ஆடின காலத்தைச் சொல்லிக்கொண்டே என் ஷூவின் அடியைத் தன் துண்டால் துடைத்தார். வேறு ஊர்க்காரன் காலணியைத் தொடுகிறோமே என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கால் சரியானதும் அவரைத் தேடிப் போனேன். செவ்வாய்க்கிழமை லீக்கில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஒரே ஆட்டத்தில் நான் முதல்முறை 200 புள்ளி எடுத்தபோது அவர் எழுந்து நின்று கை தட்டினார்.

வெள்ளிக்கிழமை பனி கொட்டும் என்கிறார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால் உள்ளேயே எடுங்கள். அந்தச் சத்தத்தை அம்மாவும் கேட்கட்டும்.