பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஐயா கட்டிய வீட்டில் சுவரின் அடிப்பகுதியில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தயவுசெய்து வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும், அப்புறம் அந்த ஈரம் இன்னும் மேலே ஏறி இப்போது நன்றாக இருக்கிற பூச்சையும் உப்புப் பூத்து உதிர வைக்கும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முற்றத்துத் தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கலாம்.

சரி, பூச்சுக்கு வருவோம். தளர்ந்ததை மட்டும் கொத்தி எடுத்து, சுவரை நனைத்து, தண்ணீர் விட்டு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஓர் அடுக்கு இறுகாமல் அடுத்தது கூடவே கூடாது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் பார்க்கிற அந்தக் கண்ணாடிப் பளபளப்பு கடைசி அடுக்கில் வருவது, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுப்பார்கள். நாள் பிடிக்கிற வேலை. அதனால் சதுர அடிக் கணக்கு வேண்டாம், நாள் கூலி பேசுங்கள். அவசரப்படுத்தினால் அடுக்குதான் குறையும். வயதான கொத்தனார் கிடைத்தால், வேலை பழக அவரோடு ஓர் இளைஞரையும் போடச் சொல்லுங்கள், கூலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. சுண்ணாம்பு நீற்றும் சித்தாளுக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள், தெறித்தால் கண்ணே போய்விடும்.