தோற்றவர் மீண்டும் ஆட வருவதுதான் இதன் சுவை: டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸும் நானும் அப்பாவும்

கேள்வி: ஆண்டு முடிவில் நடக்கும் மகளிர் டென்னிஸ் டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸ் போட்டியைப் புதிய ரசிகர் ஒருவர் எப்படிப் பின்தொடர்வது? தோற்றவரும் அடுத்த ஆட்டம் ஆடலாம் என்கிறார்களே, அப்படிப்பட்ட போட்டியில் என்ன விறுவிறுப்பு இருக்க முடியும்?

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி என்னைச் சற்று வருத்தியது. விம்பிள்டன் போன்ற நாக் அவுட் போட்டிகளைப் பார்த்துப் பழகியவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் தோற்றதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும் என்பதே டென்னிஸின் இயல்பு என்று நீங்கள் நினைப்பதில் தவறில்லை. 2014-ஆம் ஆண்டு தீபாவளி நாள் வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

விவரத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றையர் பிரிவில் எட்டு வீராங்கனைகள் மட்டுமே ஆடுவார்கள். அந்த ஆண்டில் அதிகப் புள்ளிகள் பெற்ற ஏழு பேர் நேராகத் தகுதி பெறுவார்கள். எட்டாவது இடம், புள்ளிப் பட்டியலில் 8 முதல் 20 வரையுள்ள இடங்களில் அந்த ஆண்டின் கிராண்ட் ஸ்லாம் (விம்பிள்டன் போன்ற நான்கு பெரும் போட்டிகள்) சாம்பியன் இருந்தால் அவருக்கு, இல்லையென்றால் எட்டாவதாக இருப்பவருக்கு. நால்வர் கொண்ட இரண்டு குழுக்களாக அவர்களைப் பிரிப்பார்கள். ஒரு குழுவில் உள்ள ஒவ்வொருவரும் மற்ற மூவருடனும் ஆடுவார்கள். குழுவின் முதல் இருவர் அரையிறுதிக்குச் செல்வார்கள். இருவர் சமநிலையில் இருந்தால் அவர்களுக்குள் யார் வென்றார் என்று பார்ப்பார்கள். மூவர் சமநிலையில் இருந்தால், வென்ற செட்களின் விழுக்காடு (பல கேம்கள் சேர்ந்தது ஒரு செட், இரண்டு செட் வென்றவருக்கே ஆட்டம்), அதுவும் சமமானால் வென்ற கேம்களின் விழுக்காடு என்று கணக்கு நீளும். இந்தக் கணக்கில்தான் போட்டியின் உயிர் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர், அதுவரை டென்னிஸையே பார்த்திராத என் அப்பா.

நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். 2014 முதல் 2018 வரை ஐந்து ஆண்டுகள் இந்தப் போட்டி காலாங்கில் உள்ள சிங்கப்பூர் உள்ளரங்கத்தில் நடந்தது. முதலாம் ஆண்டு, கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, தீபாவளிக்காக என்னிடம் வந்திருந்தார். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 22, புதன்கிழமை. அன்று குழு ஆட்டங்களில் ஒன்றாகச் செரீனா வில்லியம்ஸும் சிமோனா ஹாலெப்பும் மோதினார்கள். செரீனாவை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கியிருந்தேன். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் அப்பா என்னுடன் ஸ்டேடியம் நிலையத்தில் ரயிலிலிருந்து இறங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அன்று செரீனா 0-6, 2-6 என்று தோற்றார். உலகின் முதல்நிலை வீராங்கனை ஓர் ஆட்டம் முழுவதிலும் இரண்டே கேம்கள் எடுத்தார். 1998-க்குப் பிறகு அவருக்கு இவ்வளவு மோசமான தோல்வி நேர்ந்ததில்லை. நான் வாடிய முகத்தோடு எழுந்தேன். திரும்பி வரும் ரயிலில் அப்பா கேட்டார்: "ஏம்மா, இந்தம்மா இனிமே ஆட மாட்டாங்களா?" நாளையே மீண்டும் ஆடுவார், யூஜெனி புஷார் என்ற கனடா நாட்டுப் பெண்ணோடு, என்றேன். "அப்ப என்ன ஆனா இவங்க மேல போவாங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும், இனிப்புப் பெட்டி சுற்றி வந்த தாளின் பின்புறத்தில் அவர் கட்டம் போடத் தொடங்கினார்.

மறுநாள் செரீனா புஷாரை 6-1, 6-1 என்று வென்று தம் மூன்று ஆட்டங்களையும் முடித்துக்கொண்டார்: இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. இனி அவர் கையில் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை அதே குழுவின் ஹாலெப்பும் அனா இவானோவிச்சும் ஆடும் ஆட்டத்தின் முடிவு அவருடைய கதியைத் தீர்மானிக்க வேண்டும். அப்பாவின் தாள் சொன்ன கணக்கு இதுதான். ஹாலெப் வென்றால் சிக்கல் இல்லை, செரீனாவும் உள்ளே. இவானோவிச் நேர் செட்களில், அதாவது ஒரு செட்டும் இழக்காமல், வென்றால் மூவருக்கும் தலா இரண்டு வெற்றிகள். மூவரும் நான்கு செட் வென்று இரண்டு செட் இழந்தவர்களாக நிற்பார்கள். பிறகு கேம் விழுக்காடு பார்ப்பார்கள். தீபாவளியன்று வாங்கிய அந்த 0-6, 2-6 அங்கே செரீனாவை மூன்றாம் இடத்துக்கு இழுத்துவிடும். ஆனால் இவானோவிச்சிடம் தோற்றாலும் ஹாலெப் ஒரே ஒரு செட் எடுத்துவிட்டால், செரீனா தப்பித்துவிடுவார்.

அதாவது, செரீனாவை வெளியேற்றும் வாய்ப்பு ஹாலெப்பின் கையில் இருந்தது. நேர் செட்களில் தோற்றாலும் ஹாலெப் அரையிறுதிக்குப் போயிருப்பார். பட்டத்துக்குத் தடையாக வரக்கூடிய மிகப் பெரிய ஆட்டக்காரர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்.

முதல் செட்டை இவானோவிச் டை-பிரேக்கில் (6-6 என்று சமனானால் ஆடும் முடிவுச் சுற்றில்) வென்றார். நாங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தோம். இரண்டாம் செட்டில் ஹாலெப் ஒவ்வொரு பந்துக்கும் மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தார். அப்பா தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு சும்மா விட்டுக்கொடுத்தா அந்தம்மா வெளிய போயிடுவாங்க, இல்ல?" ஆமாம்ப்பா என்றேன். "அப்புறம் எதுக்கு இப்படி ஓடுது?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ஹாலெப் அந்தச் செட்டை 6-3 என்று எடுத்தார். அந்த நொடியில் செரீனா அரையிறுதிக்குள் வந்தார். மூன்றாம் செட்டை இவானோவிச் 6-3 என்று வென்றார். ஆனாலும், ஆட்டத்தை வென்ற அவர்தான் போட்டியிலிருந்து வெளியேறினார். வென்றவர் கண்கலங்கி வெளியேறவும், தோற்றவர் முன்னேறவும், களத்திலேயே இல்லாத மூன்றாமவர் பிழைக்கவும் இடமுள்ள ஓர் ஆட்டத்தை வேறெந்த டென்னிஸ் போட்டியில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

அதற்குப் பின் நடந்தவை வரலாறு. சனிக்கிழமை அரையிறுதியில் கரோலின் வோஸ்னியாக்கி மூன்றாம் செட்டில் வெற்றிக்காகச் சர்வீஸ் போடும் நிலை வரை சென்றார். செரீனா அதிலிருந்தும் மீண்டு, டை-பிரேக்கில் வென்றார். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில், தாமே உயிர் கொடுத்த செரீனாவிடம் ஹாலெப் 3-6, 0-6 என்று தோற்றார். அப்பா அந்த இறுதி ஆட்டத்தின் இரண்டாம் செட் முழுவதும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அன்றிலிருந்து அவர் ஹாலெப்பின் ரசிகர். ஊருக்குத் திரும்பிய பிறகும், ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் பிறந்ததும் தொலைபேசியில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சிவப்புக் குழுவில் யாரு, வெள்ளைக் குழுவில் யாரு?" என்பதுதான்.

நான் டென்னிஸ் ஆடியவள் அல்லள். ஆட்ட நுணுக்கம் தெரிந்தவர்கள் இந்தத் தளத்தில் பலர் இருக்கிறார்கள், அவர்கள் என்னைத் திருத்தலாம். ஆனால் வழக்கமாக எழும் ஒரு மறுப்புக்கு மட்டும் முன்கூட்டியே விடை சொல்லிவிட விரும்புகிறேன். "மூன்றில் இரண்டு ஆட்டங்களைத் தோற்றவர் பட்டம் வெல்லலாம் என்றால் அது என்ன சாம்பியன் பட்டம்?" என்று கேட்பார்கள். அப்படி நடந்தது உண்மைதான், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில். 2015-இல் அக்னியெஸ்கா ரத்வான்ஸ்கா முதலில் ஷரபோவாவிடமும் பின்னர் பென்னெட்டாவிடமும் தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் ஹாலெப்புக்கு எதிராக முதல் செட் டை-பிரேக்கில் 1-5 என்று பின்தங்கி நின்றார். அங்கிருந்து தொடர்ந்து ஆறு புள்ளிகள் எடுத்தார். ஷரபோவா பென்னெட்டாவை வென்றதும் ரத்வான்ஸ்காவுக்குக் கதவு திறந்தது. அரையிறுதியில், குழு ஆட்டங்கள் மூன்றையும் வென்றிருந்த முகுருசாவை மூன்று செட்களில் வீழ்த்தினார்; இறுதியில் குவிட்டோவாவை 6-2, 4-6, 6-3 என்று வென்றார். குவிட்டோவாவும் குழுவில் ஒரே ஓர் ஆட்டம் வென்று வந்தவர்தான். மறுவருடம் டொமினிகா சிபுல்கோவாவும் இதே போல முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்று, பின்னர் இறுதியில் முதல்நிலை வீராங்கனை கெர்பரை வென்றார். பட்டத்தை முடிவு செய்த அவருடைய கடைசிப் பந்து வலையின் மேல்விளிம்பில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தது. என்னைக் கேட்டால், புதன்கிழமை தோற்றுவிட்டு, வெள்ளிக்கிழமை அதே களத்தில் மீண்டும் நிற்பது எளிதான செயல் அன்று. நாக் அவுட் போட்டியில் தோற்றவருக்கு இந்தச் சோதனை வருவதே இல்லை.

எல்லா ஆட்டங்களும் இப்படி இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு தோல்விக்குப் பின் வாய்ப்பே இல்லாமல் ஒருவர் கடமைக்காக ஆடும் ஆட்டங்களும் உண்டு. ஓராண்டின் களைப்பு முழுவதும் அந்தக் கடைசி வாரத்தில் கால்களில் தெரியும். காயத்தால் விலகுபவர்களும் உண்டு. 2018-இல் ஹாலெப் முதுகுவலியால் வர இயலாமல் போக, அவருக்குப் பதிலாக வந்த கிகி பெர்டென்ஸ் அரையிறுதி வரை சென்றார். அப்பா அந்த வாரம் வேண்டா வெறுப்பாகத்தான் கணக்குப் போட்டார்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல், ஒரு திங்கட்கிழமை, ரத்வான்ஸ்காவும் ஸ்வெட்லானா குஸ்நெட்சோவாவும் ஆடிய ஆட்டத்துக்காக அலுவலகத்தில் அரை நாள் விடுப்புக் கேட்டேன். மகளிர் டென்னிஸ் பார்க்கவா என்று என் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார். உலகக் கோப்பைக் கால்பந்துக்காக இரவெல்லாம் விழித்துவிட்டு மறுநாள் மருத்துவ விடுப்பு எடுத்தவர்களை அதே அலுவலகம் புன்னகையோடு ஏற்றுக்கொண்டிருந்தது. விடுப்புக் கிடைத்தது, ஆனால் அந்தச் சிரிப்பு இன்றுவரை மறக்கவில்லை. அன்று நான் பார்த்தது என்ன தெரியுமா? சனிக்கிழமைதான் மாஸ்கோவில் பட்டம் வென்று, அந்த வெற்றியால் எட்டாவது இடத்தைப் பிடித்து, உடனே விமானம் ஏறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்திருந்தார் குஸ்நெட்சோவா. மூன்றாம் செட்டில், பக்கம் மாறும் இடைவேளையில், இடையூறாக இருந்த தம் பின்னலைக் கத்தரிக்கோலால் தாமே வெட்டி எறிந்தார். பிறகு எழுந்து சென்று 7-5, 1-6, 7-5 என்று வென்றார். இதைப் பார்க்க அரை நாள் என்ன, முழு நாளே கேட்டிருக்கலாம்.

சிங்கப்பூருக்குப் பிறகு போட்டி ஊர் ஊராக அலைந்ததுதான் ரசிகர்களுக்கு உண்மையான சோதனை. சீனாவின் ஷென்செனில் பத்தாண்டுகளுக்கு என்று 2019-இல் தொடங்கியது ஒரே ஆண்டோடு நின்றது. 2020-இல் பெருந்தொற்றால் போட்டியே இல்லை. 2021-இல் மெக்சிகோவின் குவாடலஹாரா. 2022-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் நடக்கும் என்று செப்டம்பரில்தான் அறிவித்தார்கள். அரங்கில் காலி இருக்கைகளைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. 2023-இல் மெக்சிகோவின் கான்குனில் தற்காலிக அரங்கம், காற்று, மழை. அந்த ஆண்டுகளில் நான் காலை உணவோடு ஆட்டம் பார்த்தேன். 2024 முதல் ரியாத்; சிங்கப்பூருக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கியிருப்பதால் இப்போது நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டியிருக்கிறது. குழுக்களின் பெயர்களையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். குவாடலஹாராவில் தொல்நகரங்களின் பெயர்களை வைத்தார்கள், 2025-இல் ஸ்டெஃபி கிராஃப், செரீனா பெயர்களை. அப்பா எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. அவருக்கு இன்னும் சிவப்பும் வெள்ளையும்தான்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. இறுதி ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். குழுக்கள் அறிவிக்கப்படும் நாளிலேயே ஒரு தாளில் எட்டுப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் சில வாரங்கள் முன்பே, எட்டாவது இடத்துக்கு யார் யார் போட்டியிடுகிறார்கள் என்று கவனியுங்கள். 2025-இல் கடைசி இடத்தை டோக்கியோவில்தான் உறுதி செய்தார் எலெனா ரிபாக்கினா. அவரே பிறகு ரியாத்தில் ஐந்து ஆட்டங்களையும் வென்று, இறுதியில் சபலென்காவை 6-3, 7-6 என்று வீழ்த்தினார். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் செட்களை மட்டுமல்லாமல் கேம்களையும் குறித்து வையுங்கள். தோற்றுக்கொண்டிருப்பவர் எடுக்கும் ஒரு கேம்கூடப் பின்னர் வேறொருவருக்கு உதவக்கூடும். பார்ப்பதற்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், குழு ஆட்டங்களின் கடைசி நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ரிபாக்கினா வென்ற அந்த இரவில் அப்பா இன்னும் உறங்கவில்லை. தொலைபேசியில், "அஞ்சும் ஜெயிச்சிருச்சு, கணக்குப் போடவே வேலையில்லாம போச்சு" என்றார். அடுத்த ஆண்டுக்கான கட்டத்தை ஒரு பழைய நாட்குறிப்பில் இப்போதே வரைந்து வைத்திருக்கிறாராம்.