பழைய ஸ்டெர்ன்டிரைவுக்கு எவ்வளவு பவருள்ள எஞ்சின் பொருந்தும்?

கேள்வி: பைக்காரா ஏரிப் படகில் மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் ஸ்டெர்ன்டிரைவ் (படகுக்குள் இருக்கும் எஞ்சினின் சுழற்சியைப் பின்புறம் வெளியே உள்ள ப்ரொப்பல்லருக்குக் கடத்தும் பகுதி) நன்றாக இருக்கிறது; 3.0 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் போய்விட்டது. 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) போடலாமா?

அப்படியே மாட்டாதீர்கள். ஆல்ஃபா தாங்குவது சுமார் 300 குதிரைத்திறன் வரை. ஆனால் கியரை உடைப்பது முறுக்குவிசைதான். உங்கள் டிரைவின் கியர் விகிதம் (ப்ரொப்பல்லர் ஒருமுறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 1.94 அல்லது 2.0 இருக்கும். வி8க்கு 1.5, 4.3 லிட்டர் வி6க்கு 1.8 அளவில் வேண்டும். மேல் கியர் செட்டை மாற்றாவிட்டால் பற்கள் நொறுங்கும். வி8 பின்பக்க எடையையும் சுமார் நூறு கிலோ கூட்டும். சின்னப் படகுக்கு வி6 போதும்.

மலையில் இன்னொன்று முக்கியம். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கு பவரை இழக்கும். 190 குதிரைத்திறன் 150 போலத்தான் இழுக்கும். கார்புரேட்டர் என்றால் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) சிறிதாக்குங்கள், இல்லையேல் பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கறுக்கும். முழு த்ராட்டிலில், முழுச் சுமையோடு, 4,400–4,800 ஆர்பிஎம் வர வேண்டும். குறைந்தால் ப்ரொப்பல்லர் பிட்சை (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறையுங்கள். 150–200 ஆர்பிஎம் ஏறும். அதே ப்ரொப்பல்லரோடு சமவெளியில் ஓட்டினால் எஞ்சின் வரம்பு மீறிச் சுற்றும்.

பொருத்தும்போது அலைன்மென்ட் பார் (எஞ்சினும் டிரைவும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கும் கம்பி) இரண்டு விரலால் தள்ளினாலே நுழைய வேண்டும். இறுகினால் முன் மவுண்ட்டைச் சரிசெய்யுங்கள். அப்படியே விட்டால் கப்ளர் ஸ்ப்ளைன் (எஞ்சினையும் டிரைவின் தண்டையும் இணைக்கும் பற்கள்) தேய்ந்துவிடும்.