அமைச்சரின் விமானச் செலவுக் கணக்கை எப்படிக் கேட்பது?

கேள்வி: அமைச்சர் ஒருவர் அடிக்கடி மதுரைக்கு விமானத்தில் சென்று வருகிறார். எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ரயில் இருக்கும்போது இந்தச் செலவு ஏன் என்று கேட்டு மனுப் போட்டேன். 'இது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்வது? – வாசகர், பெரம்பூர்

எரிச்சல் வரும்தான். ஆனால் அந்தப் பதில் சட்டப்படி சரி. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணங்களைத்தான் தகவல் என்கிறது. 'ஏன்', 'நியாயமா' என்று கேட்டால் அலுவலர் புதிதாகக் காரணம் எழுதித் தர வேண்டியதில்லை. கோப்பில் ஏற்கெனவே எழுதிவைத்த காரணத்தின் நகலைக் கேட்டால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

மொத்தத் தொகையைக் கேட்டும் பயனில்லை. அமைச்சரவைக்கான செலவு பட்ஜெட் புத்தகத்தில் 2013 என்ற எண்ணுள்ள கணக்குத் தலைப்பில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அந்த மொத்தத் தொகையை வைத்து எந்தப் பயணம் வீண் என்று சொல்ல முடியாது. பயணவாரியாகக் கேளுங்கள்: சுற்றுப்பயண நிகழ்ச்சி நிரல், டிக்கெட்டும் முகவரின் பில்லும், ஒப்புதல் குறிப்பு, உடன் சென்றவர்களின் பயணப்படிப் பட்டியல்.

தணிக்கைப் பணியில் இருந்தபோது நான் முதலில் பார்ப்பது டிக்கெட் எடுத்த தேதியைத்தான். விழா அழைப்பிதழ் மூன்று வாரத்துக்கு முன்பே அச்சாகியிருக்கும். டிக்கெட்டோ முந்தைய நாள் மாலை எடுத்ததாக இருக்கும். அந்தக் கூடுதல் கட்டணத்துக்கு அவசரம் காரணமல்ல, அலட்சியம் காரணம். அடுத்து நிகழ்ச்சி நிரல். அரசு விழா அரை மணி நேரம், மீதிப் பொழுதெல்லாம் கட்சிக் கூட்டமும் கல்யாண வீடும் என்றால், அந்தப் பயணத்தின் சுமையை மக்கள் ஏன் சுமக்க வேண்டும்? தனி விமானம் என்றால் வாடகை மணிக்கணக்கில் ஏறும். ஆளில்லாமல் திரும்பும் தூரத்துக்கும் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டியிருக்கும். பில்லின் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

எல்லா விமானப் பயணமும் வீண் அல்ல. ரயிலில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். காலையில் கோட்டையில் கூட்டம், மாலையில் மதுரையில் வெள்ளச் சேத ஆய்வு என்றால் நானே ஆட்சேபம் இல்லாமல் கையெழுத்திடுவேன். மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (2017) 21ஆம் விதி ஓர் அளவுகோல் தருகிறது: விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பணத்தில் காட்டும் கவனத்தைப் பொதுப் பணத்திலும் காட்ட வேண்டும். மாநிலக் கணக்கையும் இதைக் கொண்டு அளக்கலாம்.

புதிய மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'பொதுத் தகவல் அலுவலர், பொதுத்துறை, தலைமைச் செயலகம், சென்னை 600009' என்று முகவரியிடுங்கள். ஆவணம் வேறு துறையில் இருந்தால் ஐந்து நாளுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. ஓரிரு மாதப் பயணங்களை மட்டும் கேளுங்கள். ஐந்தாண்டுக் கணக்கைக் கேட்டால் வேலைப் பளுவைக் காட்டி இழுத்தடிப்பார்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

'பாதுகாப்பு' என்று சொல்லி மறுத்தால், நீங்கள் கேட்பது முடிந்துபோன பயணம் என்பதை எழுதி, சட்டத்தின் 10ஆம் பிரிவைச் சுட்டுங்கள். மறைக்க வேண்டிய வரிகளை மட்டும் மறைத்து, மீதியை அவர்கள் தர வேண்டும்.